பைன் காட்டைக் காக்கும் தீ

காட்டுத் தீ என்றாலே அழிவு என்பது பொதுவான எண்ணம். ஆனால் தென்கிழக்கு அமெரிக்காவில், நீள் ஊசியிலைப் பைன் காடுகளுக்கு 2 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை திட்டமிட்டே தீ வைக்கப்படுகிறது. தீ அறவே நின்றுபோனால் இம்மரம் தழைப்பதில்லை.

வர்ஜீனியா முதல் டெக்சாஸ் வரை ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கரில் பரவியிருந்த இக்காடு, 1990-களில் சுமார் 30 லட்சம் ஏக்கராகச் சுருங்கிவிட்டது. மரம் வெட்டியதும், நிலத்தை வேறு பயன்களுக்கு மாற்றியதும் முக்கிய காரணங்கள். தீயைத் தடுத்ததும் ஒரு காரணமாகும்.

தீ ஏன் தேவை?

விதை மண்ணில் நேரடியாகப் படிந்தால்தான் கன்று நன்கு வேர் பிடிக்கும். சருகு தடித்துக் கிடந்தால் வேர் மண்ணை எட்டுவது கடினம். முளைத்த கன்று பல ஆண்டுகள் உயராமல், புல் தூர் போலத் தரையோடு இருந்து ஆணிவேரை ஊன்றுகிறது. இப்பருவத்தில் தாக்கும் பழுப்புப் புள்ளி நோய் என்னும் பூஞ்சாண நோய் வளர்ச்சியை முடக்கிவிடும். மெதுவாக நகரும் தீ, நோயுற்ற இலைகளையும் பூஞ்சாண வித்துக்களையும் எரித்துவிடுகிறது. அடர்ந்த பசும் ஊசியிலைகள் குருத்தைக் காப்பதால் கன்று மீண்டும் தளிர்க்கிறது. நிழலிட்டு நெருக்கும் ஓக் முதலிய மரங்களின் கன்றுகளும் கட்டுப்படுகின்றன. வளர்ந்த மரங்களைத் தடித்த பட்டை காக்கிறது.

யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் எச்.எச். சாப்மன், இம்மரத்தின் இயற்கை மறுவளர்ச்சி பற்றிய தம் ஆய்வை 1926-ல் வெளியிட்டுத் தீயின் பங்கை எடுத்துக்காட்டினார்.

தீ வைக்கும் முறை

முதலில் காட்டைச் சுற்றி உழுது, மண் தெரியும்படி தீத்தடுப்புக் கோடு அமைக்க வேண்டும். சருகைக் குறைப்பதற்குக் குளிர்காலமே ஏற்றது. காற்றின் ஈரப்பதம் 30 முதல் 55 சதவீதம் இருக்க வேண்டும். காற்று ஒரே திசையில் சீராக வீச வேண்டும். காற்று எந்தப் பக்கம் நோக்கி வீசுகிறதோ, அந்தப் பக்கத்துக் கோட்டின் உட்புறம் தீ வைத்தால், தீ காற்றை எதிர்த்து மணிக்கு 20 முதல் 60 மீட்டர் வரை மெல்ல நகரும். தணல் முழுவதும் அணையும் வரை காவல் அவசியம். புகை சாலைகளை மறைக்காதவாறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை

முதலாண்டுக் கன்றுகளும், புல் பருவம் கடந்து விரைந்து உயரத் தொடங்கிய கன்றுகளும் தீயைத் தாங்கா. ஸ்புரூஸ் போன்ற மெல்லிய பட்டையுள்ள ஊசியிலை மரங்களுக்கு இம்முறை ஆகாது. மரத்தின் இனமும் வயதும் அறிந்தே தீயைக் கையாள வேண்டும்.