கூச்சப்படுபவர் தலைவராகலாமா?

இணைப்பாட நடவடிக்கைக் குழுக்களில் தலைவர் தேர்வு என்றாலே, நன்றாகப் பேசுவோர் பக்கம்தான் பார்வை திரும்புகிறது. கூச்ச சுபாவமுள்ள மாணவர்கள் பெயர் கொடுக்கவே தயங்குகிறார்கள்.

லண்டனில் சட்டம் படித்த காந்தியும் கூச்சத்தால் தவித்தவர்தான். சைவ உணவாளர் சங்கச் செயற்குழுவில் இருந்தும் கூட்டங்களில் பேச வாய் வராது. சக உறுப்பினர் ஒருவரை நீக்கும் முயற்சியை எதிர்த்துத் தம் கருத்தை எழுதி எடுத்துச் சென்றார். வாசிக்கத் துணிவு வராததால் வேறொருவர் வாசித்தார். அவர் தரப்பு தோற்றது. ஆனாலும் அவர் நிலை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

1893இல் பிரிட்டோரியாவில் இந்தியர்களிடம் உரையாற்றியபோது, ஆங்கிலம் கற்க விரும்புவோருக்குத் தாமே சொல்லித் தருவதாகக் கூறினார். முன்வந்தவர்கள் மூவர்: ஒரு முடிதிருத்துநர், ஓர் எழுத்தர், ஒரு சிறு கடைக்காரர். அவர்கள் இருக்கும் இடம் தேடிப்போய்க் கற்பித்தார். மறு ஆண்டு நேட்டால் இந்தியக் காங்கிரசின் செயலாளரானார். கட்டிய சந்தாவுக்கெல்லாம் ரசீது, ஒவ்வொரு காசுக்கும் கணக்கு. மேடைப் பேச்சைவிட இந்த வேலைதான் அவருக்கு ஆள் சேர்த்தது என்பேன்.

செயலாளர், பொருளாளர் பொறுப்புகளை இளப்பமாக நினைக்காதீர்கள். பேசத் தயக்கமா? கூட்டத்துக்கு முதல் நாளே உங்கள் யோசனையை நான்கு வரியில் எழுதித் தலைவருக்கோ பொறுப்பாசிரியருக்கோ அனுப்புங்கள். மறுநாள் அதைப் பற்றிக் கேட்பார்கள். பதில் உங்களிடம் இருக்கும்.