நுண்துளைச் சிலிக்கானில் வெப்பமும் அயனிகளும்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சுக்கு அப்பெயரைத் தந்தவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்த செங்கற்சூளைகள். செங்கல்லின் துளைகளில் தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை என்பது நாம் அறிந்ததே. பெல் ஆய்வகத்தின் ஆர்தர் ஊலிர் 1956இல் அறிவித்த நுண்துளைச் சிலிக்கான் என்னும் குறைக்கடத்திக்கும் இஃது ஓரளவு பொருந்தும். எனினும் அங்குக் காரணம் துளை மட்டுமன்று.

சிலிக்கானில் வெப்பத்தைச் சுமப்பவை அணுக்களின் அதிர்வலைகளாகிய ஃபோனான்கள். ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகத்தில் அவை நெடுந்தொலைவு செல்லும். ஆகவே அறைவெப்பநிலையில் அதன் வெப்பங்கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 150 வாட். துளைகளுக்கு இடையிலுள்ள நானோமீட்டர் அளவுச் சுவர்களிலோ அவை மோதிச் சிதறுவதால் இத்திறன் பன்மடங்கு குறைகிறது.

எஞ்சிய ஒழுங்கையும் குலைப்பதே அயனிக் கதிர்வீச்சின் பணி. விரைந்து பாயும் அயனிகள் தம் ஆற்றலைச் சுவரில் இழக்கும்போது அணுக்களின் அடுக்கு கலைகிறது. படிகம் உருவற்ற நிலையை அடைகிறது. வெப்பங்கடத்தல் மேலும் குறைகிறது.

வெப்ப உணரிகளுக்கு இத்தகைய காப்புப் படலம் தேவை. துளைகளை மிகுத்தால் படலம் நொறுங்கும். அயனிகளோ துளைகளைப் பெருக்காமலே காப்பைக் கூட்டுகின்றன. அளவு மிகின் துளையமைப்பே சிதையலாம் என்பதால், அளவறிதல் இன்றியமையாதது. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் 1.7 மெகாவோல்ட் முடுக்கி, பொருள்கள்மீது அயனிகளைச் செலுத்தி ஆராய உதவும் கருவிகளுள் ஒன்றாகும்.