எதுவும் வந்து சேராத ஏரி

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், காஸ்கேடு மலைத்தொடரின் மேல், கடல்மட்டத்திலிருந்து 1,883 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கிரேட்டர் ஏரி. அதைச் சூழ்ந்த காடும் மலையும் சேர்ந்து 1902 முதல் தேசியப் பூங்கா. ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் பேர் வருகிறார்கள். விளிம்பைச் சுற்றி ஓடும் 53 கிலோமீட்டர் சாலையில் எங்கே நின்று எட்டிப் பார்த்தாலும், கீழே மை கொட்டிக் கலக்கியதுபோல் அடர்நீலம். வெயில் தெளிந்த நாளில் வானம் வெளிர்நீலமாகத்தான் இருக்கும். ஏரியோ அதைவிடப் பலமடங்கு கருநீலமாக இருக்கும். வானத்தின் நிழல்தான் நீரில் தெரிகிறது என்று பலரும் நம்புவதற்கு எதிரான முதல் சாட்சி கண்முன்னாலேயே இருக்கிறது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று இயற்பியல் மேதை ராலே பிரபுவே கருதியிருந்தார். 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய சி.வி. ராமன், மத்தியதரைக் கடலின் மேல் நிக்கோல் பட்டகம் என்ற எளிய கருவியைப் பிடித்து, நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வான ஒளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் குறையவில்லை, கூடியது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் முடிவுக்கு வந்தார். 1930-இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த ஆராய்ச்சியின் தொடக்கம் அந்தப் பயணம்தான்.

இன்று அந்த விளக்கத்தோடு இன்னொரு பாதியும் சேர்ந்திருக்கிறது. நீர் மூலக்கூறு அதிரும் விதத்தால், வெயிலில் உள்ள சிவப்பு ஒளியை அது விழுங்கிவிடுகிறது. சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பு பெரும்பாலும் தீர்ந்துபோகும். பிறகு மஞ்சளும் பச்சையும் மெல்ல மங்க, நீலம் மட்டும் வெகுதூரம் இறங்கி, சிதறி, மேலே திரும்பி வருகிறது. ஆனால் இந்த வேலை நடக்க ஒளிக்குத் தடையற்ற நீண்ட பாதை வேண்டும். நீரில் மண் கலந்திருந்தால் பழுப்பாகும். பாசி மிதந்தால் பச்சையாகும். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவிலுள்ள மொரைன் ஏரியும் நீலத்துக்குப் பேர்போனதுதான். ஆனால் அங்கே பனியாறு அரைத்துத் தரும் நுண்ணிய பாறைமாவு நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் வரும் பால்கலந்த நீலம் அது. மொரைனுக்கு ஏதோ ஒன்று வந்து சேர்வதால் நிறம். கிரேட்டருக்கு எதுவும் வந்து சேராததால் நிறம். என் வாதம் முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது: கிரேட்டர் ஏரியின் அழகு ஓர் இன்மையின் அழகு. ஆகையால் அதைப் பார்க்கப் போகிறவர்கள் மேல் பூங்கா விதிக்கும் கட்டுப்பாடுகளை அதிகாரிகளின் கெடுபிடி என்று சொல்லிவிட முடியாது. அந்த நிறத்துக்கான நிபந்தனையே அவைதான்.

எதுவும் வந்து சேராதது எப்படி? சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அங்கே மசாமா என்ற எரிமலை நின்றது. பெருவெடிப்பில் அதன் வயிற்றிலிருந்த பாறைக்குழம்பு வெளியே கொட்டிப்போக, தாங்க ஆளில்லாத உச்சி உள்ளே சரிந்தது. அந்தப் பள்ளம் மழையாலும் பனியாலும் மெல்ல நிரம்பியது. நிரம்ப 700 ஆண்டுகளுக்கு மேல் ஆனதாகக் கணக்கிடுகிறார்கள். அந்த மண்ணின் கிளமாத் பழங்குடியினர், கீழுலகத் தலைவன் லாவோவுக்கும் மேலுலகத் தலைவன் ஸ்கெல்லுக்கும் நடந்த போரில் மலை இடிந்தது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். வெடிப்பைக் கண்ணால் கண்டவர்களின் நினைவு அதில் தங்கியிருக்கிறது என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது. ஏரிக்குள் ஆறு எதுவும் பாய்வதில்லை. ஏரியிலிருந்து ஆறு எதுவும் கிளம்புவதுமில்லை. விழும் மழையிலும் பனியிலும் மிகப்பெரும் பங்கு நேரடியாக நீர்ப்பரப்பிலேயே விழுகிறது. வயலும் ஊரும் தொட்டு வரும் நீர் ஒரு சொட்டும் கிடையாது. வெயில் ஒரு பங்கைக் குடிக்கிறது, மீதி பாறைவழியே கசிந்து வெளியேறுகிறது. இந்தக் கசிவு முக்கியமானது: ஆவியாதல் மட்டுமே வழியாக இருந்திருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போயிருக்கும். வரவும் செலவும் சமமாக இருப்பதால் நீர்மட்டம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. செக்கித் தட்டு என்ற 20 சென்டிமீட்டர் வட்டத்தகட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால், 30 மீட்டர் ஆழம்வரை அது கண்ணுக்குத் தெரிவது இங்கே சாதாரணம். 40 மீட்டரைத் தாண்டிய அளவீடும் உண்டு.

ஆறு இல்லாத ஏரியில் மீன் எப்படி வரும்? இங்கே மீனே இருந்ததில்லை. 1888-இல், வில்லியம் ஸ்டீல் என்பவர் முதன்முதலாக மீன்குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். ஏரியைப் பாழாக்க நினைத்தவரல்ல அவர். 1885-இல் முதன்முதலாக அதைக் கண்டு மயங்கி, தேசியப் பூங்காவாக்கக் கோரி 17 ஆண்டுகள் அலைந்தவர். 1886-இல் பியானோக் கம்பியை இறக்கி ஆழம் அளந்த குழுவில் இருந்தவர். அந்தக் குழு காட்டிய 608 மீட்டருக்கும் இன்றைய ஒலியலைக் கருவிகள் காட்டும் 594 மீட்டருக்கும் வித்தியாசம் சொற்பம் என்பது இன்றும் வியக்கத்தக்கது. ஏரியைக் காப்பாற்றிய கையே அதில் மீனையும் விட்டது. இத்தனை அழகான நீரில் தூண்டில் போட வழி இல்லையே என்ற ஆசை, அந்தக் காலத்தில் குற்றமாகத் தோன்றவில்லை. நீலகிரியின் அவலாஞ்சியில் 1907-இல் வெள்ளையர் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைத்ததும் இதே மனநிலையில்தான். கிரேட்டரில் 1941 வரை மீன் விட்டுக்கொண்டே இருந்தார்கள். விட்டவற்றில் வானவில் டிரவுட்டும் கோகனி சால்மனும் மட்டும் நிலைத்தன.

மீனுக்கு இரை வேண்டுமே என்று 1915-இல் க்ரேஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கியையும் விட்டார்கள். உண்மையான சேதம் அதிலிருந்து தொடங்கியது. மீன் வருவதற்கு முன் ஏரியில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த வேட்டை விலங்கு, மசாமா நியூட் என்ற, பல்லி வடிவத்தில் உள்ள சிறு நீர்நிலவாழ்வி. உலகில் வேறெங்கும் இந்தத் துணையினம் கிடையாது. வெளியிலுள்ள அதன் உறவினங்களின் தோலில் பேத்தை மீனில் இருக்கும் அதே கொடிய நஞ்சு உண்டு. தன்னைத் தின்ன யாருமில்லாத ஏரியில் வாழ்ந்த மசாமா நியூட்டிடம் அந்த நஞ்சு மிகக் குறைவு. கவசத்தைக் கழற்றிவைத்துவிட்ட உயிரினத்தின் வீட்டுக்குள் சிங்கியை இறக்கிவிட்டோம். சிங்கி நியூட்டைத் தின்கிறது, ஒளியும் கல்லிடுக்குகளிலிருந்து விரட்டுகிறது, அதன் இரையையும் பறிக்கிறது. சிங்கி பெருகிய கரையோரங்களில் நியூட் காணாமலே போய்விட்டது; சிங்கி இப்போது கரையின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது. கதை நியூட்டோடு முடியவில்லை. பாசியை மேய்ந்து கட்டுக்குள் வைத்திருந்த சிறு பூச்சிகளையும் நத்தைகளையும் சிங்கி தின்றுவிடுவதால், அது அடர்ந்த இடங்களில் கற்களின் மேல் பாசி கூடுகிறது. கரையோர நீரின் நிறத்தையே தொடும் விஷயம் இது.

இவ்வளவு பெரிய ஏரிக்கு மனிதர்களின் சிறு செயல்கள் ஒரு பொருட்டா என்று கேட்பார்கள். 53 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஏறத்தாழ 19 கன கிலோமீட்டர் நீர், உண்மையிலேயே பிரம்மாண்டம். ஆனால் அளவு, ஒருமுறை கொட்டி நின்றுபோகும் பொருளிடமிருந்துதான் காப்பாற்றும். தானே பெருகும் உயிரிடம் அளவு பலிக்காது. ஆறு ஓடும் ஏரி தன்னில் சேர்ந்ததை வெளியே தள்ளவாவது செய்யும். இங்கே நீர் மாறுவதற்கே ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆகும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1970-களின் இறுதியில் எடுத்த அளவீடுகள் பழைய அளவுகளைவிடக் குறைவாக இருந்ததால், ஏரியின் தெளிவு குறைகிறது என்ற அச்சம் எழுந்தது. விளிம்பிலிருந்த சுற்றுலா விடுதிப் பகுதியின் கழிவுநீர் மண்வழி இறங்கி ஏரியில் சேர்கிறது என்ற சந்தேகமும் கிளம்பியது. 1982-இல் அமெரிக்க நாடாளுமன்றம் 10 ஆண்டு ஆய்வுக்குச் சட்டமே இயற்றியது. முடிவில், தெளிவு ஆண்டுக்காண்டு இயல்பாகவே ஏறி இறங்குகிறது, நிரந்தரமாகக் குறைந்ததற்குச் சான்றில்லை என்றார்கள். அப்படியானால் பயந்தது வீண்தானே? வீணில்லை என்றே நான் சொல்வேன். அந்த ஆய்வு இல்லாதிருந்தால் இயல்பான ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதே இன்றும் தெரிந்திருக்காது. ஆய்வு முடியும் முன்பே, 1991-இல், அந்தக் கழிவுநீர்த் தேக்கத்தை விளிம்பிலிருந்து அகற்றினார்கள். அது சரியான முடிவு. நூறாண்டுக் கணக்கில் நீர் மாறும் ஏரியில், சேதம் உறுதியான பிறகு செயல்படுவோம் என்பது செயல்படவே மாட்டோம் என்பதற்குச் சமம்.

மக்களின் சொத்தில் மக்களுக்கே தடையா என்ற கேள்வியும் எழும். தடை எவ்வளவு என்று பார்த்தால் கேள்வியின் காரம் தணியும். கரைக்கு இறங்க அனுமதிக்கப்பட்ட பாதை க்ளீட்வுட் கோவ் ஒன்றே. அது திறந்திருக்கும் காலத்தில் நீந்தலாம், ஆனால் சொந்தப் படகு, காற்றடைத்த மிதவை, முக்குளிப்பு உடை, மூச்சுக்குழாய் எதுவும் ஆகாது. உடலில் ஒட்டிய நீர் உலர்ந்துவிடும். கருவிகளின் மடிப்பிலும் இடுக்கிலும் தங்கும் ஈரத்தில் வேறோர் ஏரியின் முட்டையோ விதையோ பிழைத்து வந்துவிடலாம். மீன் பிடிக்க உரிமமே வேண்டாம், எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஆனால் தூண்டிலில் உயிருள்ள இரை கூடாது, செயற்கை இரைதான். வந்தேறி மீனை எடுத்துச் செல்ல வரவேற்பு, புதிதாக எதையும் விட்டுப்போகத் தடை. இதைவிடத் தெளிவான அறிவியல் விதிமுறையை நான் கண்டதில்லை.

புவி சூடாகும்போது இந்த விதிகளால் என்ன பயன் என்போர் மிச்சம். அவர்கள் கவலை நியாயமானது. குளிர்காலத்தில் 4 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த மேல்நீரைக் காற்று கீழே தள்ள, ஆழத்து அழுத்தத்தில் அது சுற்றியுள்ள நீரைவிடக் கனமாகி அடிவரை பாய்கிறது. அடிநீருக்கு உயிர்வளி கிடைப்பது அதனால்தான். குளிர்காலம் வெதுவெதுப்பானால் இந்தக் கலப்பு அரிதாகும் என்று ஆய்வாளர்கள் மாதிரிக் கணக்குகளில் காட்டியிருக்கிறார்கள். பூங்கா வாயிலில் பலகை வைத்து அதைத் தடுக்க முடியாது. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் பிழை. 1915-இல் விட்ட சிங்கி வெகுகாலம் ஏரியின் சில பகுதிகளோடு நின்றிருந்தது. கரையோர நீர் சூடேறிய அண்மைப் பத்தாண்டுகளில்தான் வேகமாகப் பரவியது. இனி யாருடைய மிதவையிலாவது ஒட்டிக்கொண்டு இன்னோர் உயிரினம் வந்து சேர்ந்தால், சிங்கிக்கு அன்று இருந்த குளிர்ந்த நீர் அதற்குத் தடையாக இருக்காது.