நாற்பத்தொன்பது வயதில் வந்த மறதி

இதை எழுதுவதா விடுவதா என்று பல நாள் யோசித்தேன். எமது ஊரில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால் மண்டபம் எடுத்து, வீடியோ பிடித்து, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் கொடுத்து ஊருக்கே சொல்லுகின்றோம். அதே பெண்ணுக்கு நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் அது நின்றுபோகும்போது ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. "நிண்டிட்டுதோ? நல்லதாப் போச்சு, இனித் துடக்கெண்டு இல்லை" என்பதோடு கதை முடிந்துவிடும். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

நான் வலிகாமத்தில் ஒரு சிறிய கிராமத்தில் தையல் வேலை செய்து மகளை வளர்த்தவள். கணவர் 2007 ஆம் ஆண்டு ஓர் இரவில் வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டார். இன்றுவரை தகவல் இல்லை. அப்போது மகளுக்கு ஒரு வயது. இப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கின்றாள்.

சென்ற வருடம் தை மாதம் எமது மாதர் சங்கக் கூட்டத்தில் கடன் கட்டியவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன். பத்து வருடமாக நான்தான் பொருளாளர். முன்னால் பாயில் இருந்தவள் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவளுடைய பெயர் எனக்கு வரவில்லை. முகத்தைப் பார்க்கின்றேன், அவளுடைய தாயின் பெயர் கூட ஞாபகம் வருகின்றது, அவளுடைய பெயர் மட்டும் வரவில்லை. அதே மாதம் சங்கக் காசில் பன்னிரண்டாயிரம் ரூபா குறைந்தது. தோட்டை அடகு வைத்தென்றாலும் கட்டுவோம் என்று இருக்க, நாலாம் நாள் தையல் மெசின் லாச்சிக்குள் காசு கிடந்தது. வைத்தவள் நான்தான். வைத்த ஞாபகம் இல்லை.

வீட்டிலும் அப்படித்தான். "அம்மா, உலையில அரிசி போட்டாச்சு. திரும்பவும் ஏன் களையிறியள்?" என்று மகள் கேட்பாள். கேட்டவுடன் கோபம் வரும். சும்மா கோபம் இல்லை, கையிலிருந்த சுளகைத் தூக்கி எறிந்திருக்கின்றேன். பிறகு கிணற்றடியில் போயிருந்து அழுவேன்.

என்னை உண்மையில் உலுக்கியது வேறு ஒன்று. காணாமற்போனவர்களின் மனைவிமாரும் தாய்மாரும் எத்தனை தரம் வாக்குமூலம் கொடுத்திருப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். 2010 இல் ஓர் ஆணைக்குழு, 2013 இல் நியமிக்கப்பட்ட இன்னோர் ஆணைக்குழு, 2019 இல் காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் கிளை யாழ்ப்பாணத்தில் திறக்கப்பட்ட பின்னர் அங்கும். சென்ற வருடம் பங்குனியில் வேறோர் இடத்தில் கோப்பைச் சரிபார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றிரவு அவர் என்ன நிறச் சேட் போட்டிருந்தார் என்று கேட்டார்கள். "பச்சை" என்றேன். இருந்தவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முந்தி நீலம் எண்டல்லோ சொல்லியிருக்கிறியள்" என்றார். அந்தச் சேட்டைத் தைத்தவளே நான். பஸ்ஸில் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கின்றேன், நிறமே வருகுதில்லை. அவரை நானே கைவிட்டுவிட்டேன் என்று அன்று நினைத்தேன்.

இதற்கிடையில் இரவில் ஒரு மணி, இரண்டு மணிக்கு நெஞ்சு படபடக்க விழிப்பு வரும். சட்டை நனைந்திருக்கும். அவரைக் கொண்டுபோனதும் அந்த நேரத்தில்தான். ஆகவே பழைய பயம் திரும்ப வந்துவிட்டது, இனி விசர்தான் என்று முடிவு கட்டினேன். எம்மில் பலர் இப்படித்தான். தலையிடி என்றாலும் நெஞ்சுவலி என்றாலும் எல்லாவற்றையும் சண்டையின் கணக்கில் எழுதிவிடுகின்றோம். வைத்தியசாலையில் கேட்பவர்களும் சில வேளை அப்படியே எழுதிவிடுகின்றார்கள்.

பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்த மிட்வைவ் மிஸ்ஸிதான் என்னைப் பிடித்தவ. விறாந்தையில் நான் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டு, "அக்கா, உங்களுக்கு மாசம் மாசம் ஒழுங்கா வருதோ?" என்று கேட்டா. எனக்கு அந்தரமாகப் போய்விட்டது. நான் சொல்லுகிற துன்பம் என்ன, இவ கேட்கிற கேள்வி என்ன என்று நினைத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் நாலு மாதம் வராமல் இருந்து, பிறகு வந்து, பத்து நாள் நில்லாமல் போயிருந்தது. "சுகவனிதையர் கிளினிக்குக்கு வாங்கோ" என்றா.

இந்தக் கிளினிக் இலங்கையில் 1996 இல் தொடங்கப்பட்டது. 35 வயதைக் கடந்த பெண்களுக்காகச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள்தோறும் இலவசமாக நடக்கின்றது. இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். எத்தனையோ வருடமாக நடந்தும் நான் போகவில்லை. "புருசன் இல்லாதவளுக்கு அங்கை என்ன வேலை?" என்று ஒரு கதை வருமே, அதற்குப் பயம். கருப்பைக்குப் புருசன் இருக்கின்றானா இல்லையா என்று தெரியாது என்று மிஸ்ஸி சொன்னபோது நான் பல நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

அங்கிருந்த டொக்டர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "இரவில எழும்பேக்கை முதல்ல சூடு வருதோ, பயம் வருதோ?" எனக்குத் தெரியவில்லை. ஒரு கொப்பி வாங்கி எழுதச் சொன்னா. இரண்டு கிழமையில் பதினொரு தரம் விழிப்பு வந்தது. எட்டுத் தரம் நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறி, வியர்த்து, பிறகு குளிர்ந்த பின்னர்தான் பயம் வந்திருந்தது. மூன்று தரம் கனவு கண்டு எழும்பியிருந்தேன். பகலில், மின்விசிறியின் கீழ் தைத்துக்கொண்டிருக்கும்போதும் சூடு வந்திருந்தது. பகலில் ஒருவரும் கதவைத் தட்டவில்லையே.

டொக்டர் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கிய அளவில் சொல்லுகின்றேன். பெரும்பாலும் 45 இற்கும் 55 இற்கும் இடையில் மாதவிடாய் நிற்கின்றது. தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்கு முந்திய சில வருடங்கள்தான் குழப்பமானவை. ஈஸ்திரஜன் என்ற ஓமோன் ஒருநாள் கூடி ஒருநாள் குறைந்து தளம்புகின்றது. கருப்பைக்கு மட்டுமல்ல, மூளையில் ஞாபகத்தையும் தூக்கத்தையும் உடம்புச் சூட்டையும் பார்க்கின்ற இடங்களுக்கும் அந்த ஓமோன் தேவை. ஆகவே மறதி, எரிச்சல், காரணமில்லாத பயம், அழுகை எல்லாம் வரலாம். இரவு வியர்வையால் தூக்கம் கெட, மறதி இன்னும் கூடும்.

அமெரிக்காவில் 2,362 பெண்களை நான்கு வருடம் திரும்பத் திரும்பச் சோதித்து 2009 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. ஒரே மாதிரியான ஞாபகச் சோதனையைப் பல தரம் செய்தால் எவருக்கும் புள்ளி கூடவேண்டும். மாதவிடாய் குழம்பியிருக்கும் காலத்துப் பெண்களுக்கு அப்படிக் கூடவில்லை. முற்றாக நின்ற பின்னர் பழையபடி கூடியது. இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. போன புத்தி பெரும்பாலானோருக்குத் திரும்பி வருகின்றது.

சண்டையும் இதில் இல்லாமல் இல்லை. கலிபோர்னியாவில் இரண்டாயிரம் பெண்களிடம் செய்யப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வொன்றில், மனவதிர்ச்சியின் அறிகுறிகள் உள்ள பெண்களுக்கு இரவு வியர்வையும் தூக்கக் கஷ்டமும் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. எனக்கு இரண்டும் இருந்தது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கக்கூடாது.

கிளினிக்கிலிருந்து வரும்போது அம்மாவைத்தான் நினைத்தேன். 1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பக்கமாக நடந்தபோது எனக்கு இருபது வயது, அம்மாவுக்கு நாற்பத்தெட்டு. எல்லாரும் குளிரில் நடுங்க, அம்மா தலையிலிருந்த லேஞ்சைக் கழற்றிவிட்டு மழையில் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றா. சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தபோது சின்ன விசயத்துக்கும் கத்துவா, அடுப்பில் வைத்ததை மறந்துவிடுவா. இடம்பெயர்ந்த அதிர்ச்சி என்றோம். "அம்மாவுக்குத் தட்டிப்போட்டுது" என்று நாங்கள் பிள்ளைகளே சிரித்திருக்கின்றோம். அம்மா 2011 இல் இறந்துவிட்டா. அவவிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எனக்கு இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தது. பெண்களுக்கு 12 ஆவது இருக்கவேண்டும். கூடுதலாக இரத்தம் போனதால் வந்த குறைவு. அதுவே மறதிக்கும் களைப்புக்கும் ஒரு காரணம். தைரொயிட் குறைந்தாலும், விற்றமின் பி 12 குறைந்தாலும் இப்படி வரலாம், சுத்த சைவமாகச் சாப்பிடுகின்றவர்கள் பி 12 ஐக் கவனிக்கவேண்டும். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு போடுவது வீண். தேயிலை அதை உடம்பில் சேரவிடாது. நான் மூன்று மாதம் தேசிக்காய்த் தண்ணியோடு போட்டேன், பின்னேரத் தேத்தண்ணியையும் விட்டேன்.

ஓமோன் மருந்தும் இருக்கின்றது. 2002 இல் அமெரிக்க ஆய்வொன்று வெளியானபின் உலகம் முழுவதும் அதற்குப் பயந்தார்கள். இப்போது, அறுபது வயதுக்குள் அல்லது நின்று பத்து வருடத்துக்குள் இருக்கும் சுகதேகிகளுக்குச் சூடும் வியர்வையும் தாங்கமுடியாமல் இருந்தால் நன்மையே அதிகம் என்கின்றார்கள். மார்பகப் புற்றுநோய், பாரிசவாதம், இரத்தம் உறைந்த வருத்தம் வந்தவர்களுக்குக் கூடாது. மறதிக்காக மட்டும் அதைக் கொடுப்பதில்லை. எனக்கு இரத்தம் ஏறி, நித்திரை வரத் தொடங்கியதால் தேவைப்படவில்லை. பின்னேரம் அரை மணித்தியாலம் வயல்வெளிப் பக்கம் நடக்கின்றேன். கனவுகளுக்கு யாழ். போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் காட்டுகின்றேன். அங்கு போவதற்கு வெட்கப்பட்ட காலத்தை நினைத்தால் இப்போது என்மேல்தான் கோபம் வருகின்றது.

சிலவற்றை மட்டும் தாமதிக்கக் கூடாது. நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு திரும்ப இரத்தம் கண்டால் உடனே காட்டவேண்டும். தெரிந்த பாதையில் வழி தவறினாலும், மறதி மாதத்துக்கு மாதம் கூடினாலும் அப்படித்தான். 2009 இல் வன்னியிலிருந்து வந்தவர்கள் தலையில் பட்ட காயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். உடம்பில் செல்துண்டு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கமுன் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும், அந்த மெசினுக்குள் காந்தம் இருக்கின்றது. செத்தால் நல்லது என்ற எண்ணம் வந்தால் 1926 இற்கு எடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம், தமிழிலும் கதைக்கலாம்.

சேட்டின் கதைக்கு வருகின்றேன். உளவளத்துணையாளர் ஒருவர், "எல்லாத்தையும் தலைக்குள்ள ஏன் வைச்சிருக்கிறியள்? எழுதி வையுங்கோ" என்றார். அம்மாவின் தகரப்பெட்டியில் தேடியபோது, 2007 இல் அவர் போன மூன்றாம் நாள் கொடுத்த முதல் முறைப்பாட்டின் பிரதி கிடைத்தது. அதில் சாம்பல் நிறம் என்று இருந்தது. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. புத்தி நன்றாக இருந்த காலத்தில் சொன்ன நீலமும் பிழைதான்.

அதைப் பார்த்து முழுவதையும் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதினேன். மகள்தான் பக்கத்தில் இருந்து வாசித்து, விட்டதைக் கேட்டுக் கேட்டு எழுதுவித்தாள். தகப்பனின் காலில் ஒரு தழும்பு இருந்தது அவளுக்கு அன்றுதான் தெரியும். மூன்று போட்டோப் பிரதி எடுத்து ஒன்றை அவளிடம் கொடுத்திருக்கின்றேன். இனி யாராவது கேட்டால் தாளைக் கொடுத்துவிட்டு, அதில் இருக்கின்றது என்பேன்.

இப்போது மாதவிடாய் வந்து ஏழு மாதமாகின்றது. பெயர்கள் இன்னும் சில நேரம் வழுக்குகின்றன. சங்கக் கணக்கை இரண்டு பேராக எழுதுகின்றோம். கூட்டத்தில் பெயர் வராமல் போனதே, அவளுக்கும் இப்போது சூடு தொடங்கிவிட்டதாம். அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லி, ஒரு கொப்பியும் வாங்கிக் கொடுத்திருக்கின்றேன்.