ஏஜென்ட் சொல்லாத கப்பல்

"கரையைத் தொட்டுட்டா போதும், அப்புறம் யாரும் அசைக்க முடியாது." ஆஸ்திரேலியாவுக்குப் படகேற்றும் ஏஜென்ட்களின் பழைய பல்லவி இது. கரைக்கு முன்னால் நிற்கும் ரோந்துக் கப்பலைப் பற்றி அவர்கள் வாய் திறப்பதில்லை.

2014 ஜூனில் இந்தியாவிலிருந்து 157 பேருடன் ஒரு படகு கிளம்பியது. பெரும்பாலோர் ஈழத் தமிழர்கள், குழந்தைகளும் இருந்தார்கள். கிறிஸ்துமஸ் தீவை நெருங்கியபோது ஆஸ்திரேலிய எல்லைக் காவல் கப்பல் மறித்தது. எல்லோரையும் 'ஓஷன் ப்ரொடெக்டர்' என்ற சுங்கத் துறைக் கப்பலுக்கு மாற்றினார்கள். இந்தியா ஏற்றுக்கொள்ளுமா என்று தெரியும் முன்பே அது இந்தியாவை நோக்கித் திரும்பியது. ஏறக்குறைய நான்கு வாரம் கடலிலேயே காவல். ஆண்கள் குடும்பத்தைப் பிரிந்து, ஜன்னல் இல்லாத அறையில் நாளின் பெரும்பகுதி பூட்டப்பட்டுக் கிடந்ததாக வழக்கில் சொல்லப்பட்டது. கடைசியில் கொக்கோஸ் தீவு, அங்கிருந்து ஆஸ்திரேலிய முகாம், பிறகு நவ்ரு தீவு.

இது சட்டவிரோதக் காவல் என்று அவர்களில் ஒருவர் ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 2015 ஜனவரி 28 அன்று தீர்ப்பு வந்தது. 2013ஆம் ஆண்டின் கடல்சார் அதிகாரச் சட்டப்படி காவல் செல்லும், இழப்பீடு கிடையாது என்றார்கள் நான்கு நீதிபதிகள். மூவர் மாறுபட்டார்கள். அது ஆறுதல்தான், ஆறுதலுக்கு யாரும் காசோலை தருவதில்லை.

ஆனாலும் வழக்கு வீண்போகவில்லை. 2014 ஜூலையில் வேறொரு படகின் 41 பேரை நடுக்கடலிலேயே இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்திருந்தார்கள். இந்த 157 பேருக்காக வக்கீல்கள் உடனே நீதிமன்றம் போனதால்தான், இலங்கையிடம் ஒப்படைப்பதானால் 72 மணி நேரம் முன்னதாகத் தெரிவிப்பதாக அரசு உறுதி தந்தது. எனவே படகில் போன உறவினரிடமிருந்து தகவல் நின்றால், பெயர், கிளம்பிய இடம், நாள் மூன்றையும் அகதிகளுக்காக வாதாடும் வக்கீலிடம் தாமதமின்றிச் சேர்ப்பியுங்கள். பெயர் வெளியே வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். அந்த மனுதாரர் இன்றுவரை 'சி.பி.சி.எஃப்.' என்ற நான்கு எழுத்துதான்.

இன்னும் கிளம்பாதவர்களுக்கு: 2013 ஜூலை 19 முதல் படகில் வருபவர், அகதி என்றே நிரூபித்தாலும், ஆஸ்திரேலியாவில் குடியமர்த்தப்பட மாட்டார் என்பது அந்நாட்டுக் கொள்கை. இந்தியாவில் ஏஜென்ட்டிடம் பணம் கொடுத்து ஏமாந்திருந்தால், ஸ்டேஷனுக்குப் போகுமுன் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்; தொலைபேசி 15100. பெண்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் வக்கீல் இலவசம். மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவு இருக்கிறது. ஐ.நா. அகதிகள் அமைப்பு எந்த உதவிக்கும் கட்டணம் வாங்குவதில்லை. அதன் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவர் மீதும் அதே பிரிவில் புகார் தரலாம்.