கேட்டால் கெடுதல் இல்லை!

பரீட்சையில் தவறிய பையன் சாப்பிடாமல் மூலையில் படுத்திருக்கிறான். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, தம்பி?" என்று அவனிடம் கேட்கலாமா?

"ஐயையோ! கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடாதா?" என்பீர்கள். வராது! ஆராய்ச்சிகள் கண்ட உண்மை இது. மனம் திறந்து பேசினால் பாரம்தான் குறையும்.

மனநல ஊழியர்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தரும் முக்கியப் பாடமும் இதுவே: நேராக விசாரி, குறுக்கிடாமல் காது கொடு, உபதேசம் செய்யாதே, ஆபத்து என்று தெரிந்தால் தனியே விடாதே, டாக்டரிடம் சேர்த்துவிடு.

இதற்கு டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. 1986-ல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய "சிநேகா"வில், பயிற்சி பெற்ற தொண்டர்களே துயரப்படுவோருக்குச் செவிசாய்க்கிறார்கள்.

அரசாங்கத்தின் "டெலி மானஸ்" சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! தயக்கம் வேண்டாம். உயிர் பெரிது!