கொடியின் இலையிற் புள்ளி: நோயை அறிவது எங்ஙனம்?

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வீட்டு வேலிகளிலும் பள்ளி வாயில்களிலும் காகிதப்பூக் கொடியைக் காணாதார் இலர். மலாய் மொழியிலும் அதன் பெயர் அப்பொருளுடையதே. வெயிலையும் வறட்சியையும் தாங்கும் இக்கொடி தொடர்மழையை அவ்வளவு எளிதில் தாங்குவதில்லை. ஏப்ரல் மாதத்தை ஒட்டியும், பின்னர் அக்டோபர், நவம்பரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை மிகும்போது, இலைகளில் புள்ளி விழும். இலை பழுத்து உதிரும். புள்ளியைக் கண்டதும் மருந்துக்கு ஓடுவது நம்மவர் வழக்கம். அங்ஙனம் ஓடியவருள் நானும் ஒருவன்.

எங்கள் தோட்டப்பள்ளியின் வாயில் வளைவில், பழைய மாணாக்கர் நட்ட கொடியொன்று உண்டு. ஒரு மழைக்காலத்தில் அதன் இலையெல்லாம் கரும்புள்ளி கண்டது. வாரந்தோறும் பூஞ்சண மருந்து தெளித்தேன். ஒரு மாதமாகியும் பயனில்லை. வேரோடு வெட்டிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அதன்பின்னரே ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அதிற் கண்ட குறிகள் பூஞ்சணத்துக்கு உரியவையல்ல; பாக்டீரியாவுக்கு உரியவை. பூஞ்சண மருந்துகளிற் பல பாக்டீரியாவை ஒன்றும் செய்வதில்லை.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி? காகிதப்பூவில் பூஞ்சணப் புள்ளியை உண்டாக்குவது பஸ்ஸலோரா என்னும் இனம். முதலில் செம்பழுப்பான சிறு வட்டம் தோன்றும். அது வளர வளர நடுப்பகுதி வெளிறும். விளிம்பு கருஞ்சிவப்பாக நிற்கும். சுற்றிலும் மங்கலான மஞ்சள் வளையம் படரலாம். பாக்டீரியாப் புள்ளியோ தொடக்கத்தில் நீர் ஊறியதுபோல் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்க் கறைபோல் ஒளி கசியும். பின்னர் கருக்கும், இளந்தளிர் கோணிச் சுருங்கும். வெற்றிலைக் கொடியிலும் இவ்விருவகை நோயும் உண்டு. அங்கே பாக்டீரியாப் புள்ளி இலைநரம்புகளுக்கிடையே கோணவடிவாக அடங்கி நிற்பது வழக்கம்.

புள்ளியெல்லாம் நோயுமன்று. வெயில் சுட்ட தழும்பு புதிய இலைகளுக்குப் பரவாது. ஊசி குத்தியதுபோன்ற நுண்ணிய மஞ்சட் பொட்டுகளும் இலையடியில் மெல்லிய நூலும் தெரிந்தால், அது சிலந்திப்பேனின் வேலை.

ஐயம் நீங்கவில்லையெனில் வகுப்பிலேயே ஒரு சோதனை செய்யலாம். நனைத்த தாளை ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு, அதன்மேல் நோயிலையை வைத்து மூடிவிடுக. இரண்டு மூன்று நாளில் புள்ளியின்மேல் பஞ்சுபோன்ற வளர்ச்சியோ நுண்துகளோ எழுந்தால் பூஞ்சணம் என ஐயுறலாம். எனினும் செத்த இலையில் வேறு பூஞ்சணங்களும் முளைக்குமாதலால், இச்சோதனையை மேற்சொன்ன குறிகளோடு சேர்த்தே கொள்ளல் வேண்டும். புட்டியைத் திறவாமல் கண்ணாடி வழியே உருப்பெருக்கியாற் பார்ப்பது நலம்.

இலையிற் கண்ட புள்ளி நம் மக்களின் வரலாற்றையே மாற்றியதுண்டு. 1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலையின் அடிப்புறத்தே ஆரஞ்சு நிறத் துகள் தோன்றியது. அந்தத் துருநோய் காப்பித் தொழிலையே வீழ்த்தியது. தமிழ்த் தொழிலாளர் உழைத்த மலைகளில் காப்பி போய்த் தேயிலை வந்தது. 1880-இல் அங்கு அனுப்பப்பட்ட மார்ஷல் வார்டு என்னும் ஆங்கில அறிஞர், காற்றில் வரும் பூஞ்சண வித்து ஈரமான இலைமேல் முளைத்து, இலைத்துளை வழியே உட்புகுவதைக் காட்டினார். அந்த ஈரமே இங்கும் நாம் கவனிக்கவேண்டியது. பூஞ்சண வித்து முளைப்பதும் ஈரத்தால். பாக்டீரியா இலைக்கு இலை தெறிப்பதும் மழைத்துளியால்.

ஆதலின் நீரைக் காலையில், இலைமேற் படாமல் அடியில் ஊற்றுக. நெருங்கிய கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் தருக. உதிர்ந்த இலைகளை அன்றாடம் அகற்றுக. ஈரமான கொடியைக் கையாளாதீர்கள். வெட்டும் கத்தியைச் சாராயத்தால் துடையுங்கள். மருந்து பிறகு வரட்டும். அதுவும் நோய் இன்னதென்று அறிந்தபின் வரட்டும்.

எங்கள் கொடியை வெட்டவில்லை. நோயுற்ற கிளைகளை மட்டும் கழித்தோம். மழை குறைந்ததும் புதுத் தளிர் விட்டது. இப்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் ஒருமுறை அதன் இலைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார்கள். நான் ஒரு மாதம் கழித்துச் செய்ததை அவர்கள் முதல் நாளே செய்கிறார்கள்.